ஒரே இரவில் அடித்த குளிர்: அறிகுறி பார்த்துச் செடியைக் காப்பாற்றும் வழிமுறை

பகலில் 30 டிகிரி செல்சியஸ் இருந்துவந்த இடத்தில் திடீரென்று இரண்டு மூன்று இரவுகள் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிட்டால், காலையில் தோட்டத்துக்குள் நுழைகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. வாடியதற்குத் தண்ணீர் ஊற்றுவோம், கருகியதை வெட்டுவோம், மஞ்சளித்ததற்கு உரம் வைப்போம். குளிர் அடித்த செடிக்கு அந்த வாரத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் கெடுதலாகத்தான் முடிகின்றன. இரவைத் தாங்கிப் பிழைத்த செடிகூட அடுத்த நாள்களின் அவசரத்தில் போய்விடுகிறது. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் என்ன செய்வது என்பதோடு, எதைத் தொடக்கூடாது, எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

இன்றிரவே குளிர் வரப்போகிறது என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். மற்றவற்றை நாளை படித்துக்கொள்ளலாம்.

முதலில், இது குளிர்தானா?

குளிர்ச் சேதத்துக்கென்று ஓர் அமைப்பு உண்டு. திறந்த வானத்துக்கு நேராக இருக்கும் உச்சி இலைகளும் வெளிப்பக்க இலைகளும் அடிபட்டிருக்கும். அதே செடியில், மற்ற இலைகளுக்கு அடியில் மறைந்திருப்பவை பச்சையாகவே இருக்கும். கூரைச் சாய்ப்புக்குக் கீழே இருக்கும் கிளை தப்பித்து, வெளியே நீண்ட கிளை மட்டும் கருகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னோர் அடையாளம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல செடிகளில் ஒரே சமயத்தில் வந்திருக்கும். பூச்சியும் நோயும் அப்படி வருவதில்லை; ஒரு மூலையில் தொடங்கி நாள்கணக்கில் பரவும். அடி இலையிலிருந்து மேல்நோக்கி மஞ்சளாகி வந்தால் வேர், தண்ணீர், உரம் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

உறைந்தால்தான் சேதம் என்று நினைக்க வேண்டாம். வெப்பமண்டலச் செடிகள் பலவற்றுக்கு 10, 12 டிகிரிக்குக் கீழே போனாலே தொல்லைதான். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு குளிரில் இளக்கம் இழந்து இறுகுகிறது. உள்ளே இருக்க வேண்டிய நீரும் உப்புகளும் கசிந்து வெளியேறுகின்றன. சுழியத்துக்குக் கீழே நடப்பது வேறு. செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் பனிக்கட்டி உருவாகி, செல்லுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சவ்வு கிழிகிறது. உறைந்த இலை வெயில் ஏறிய சில மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். உறையாமல் வந்த சேதம் தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகும், அதற்குள் வானிலை பழையபடி வெதுவெதுப்பாகியிருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த செடிக்கு இன்று என்ன வந்தது என்று குழம்புகிறவர்கள் மூன்று நாளுக்கு முந்தைய இரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் இலை தொங்குகிறது

குளிர்ந்த வேரால் நீரை இழுக்க முடியாது. மேலே வெயில் ஏறியதும் இலை நீரை இழந்துகொண்டே இருக்கும், கீழிருந்து வரத்து இருக்காது. தொட்டிச் செடிகளில் இது அதிகம். தொட்டியின் பக்கச்சுவர் வழியே மண் முழுவதும் குளிர்ந்துவிடுகிறது.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். தொட்டியை வெறும் சிமென்ட் தரையிலிருந்து எடுத்து ஒரு மரப்பலகை மீது வையுங்கள். வெயில் தொட்டியின் மீது பட வேண்டும்; இலைகளுக்கு மட்டும் கொஞ்சம் நிழல் இருந்தால் இன்னும் நல்லது. பிற்பகலுக்குள் இலை நிமிர்ந்துவிட்டால் வேர் நலமாக இருக்கிறது. மூன்று நாள் வெதுவெதுப்பான வானிலைக்குப் பிறகும் நிமிரவில்லை என்றால்தான் தொட்டியிலிருந்து மண்கட்டியோடு உருவிப் பார்க்க வேண்டும். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கழன்று நூல்போல் மிஞ்சினால் அழுகல். அந்தப் பகுதியை வெட்டி நீக்கி, நீர் வடியும் புது மண்ணில், கொஞ்சம் சிறிய தொட்டியில் வையுங்கள்.

சிலர் வெந்நீர் ஊற்றுகிறார்கள். வேண்டவே வேண்டாம். மண் உண்மையிலேயே காய்ந்திருந்தால், காலை 10 மணிக்கு மேல் சாதாரணத் தண்ணீர் போதும்.

இலை நீர் ஊறினாற்போல் ஆகி, பிறகு கருத்துவிட்டது

இது உறைந்ததன் அடையாளம். அப்படிப்பட்ட ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எண்ணெய் பட்ட காகிதம்போல் கரும்பச்சையாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். விரலுக்கு இடையில் துவண்டுவிடும். மதியத்துக்குள் அந்த இடம் பழுப்பாகி, மறுநாள் கருத்து நொறுங்கும். அந்த இலை திரும்பாது. ஆனால் இலை போனதால் செடி போய்விட்டது என்று அர்த்தமில்லை, இந்த இடத்தில்தான் பலர் கத்தரியை எடுக்கிறார்கள்.

தண்டு கட்டையான செடி எதையும், அதாவது செம்பருத்தி, எலுமிச்சை, மா, போகன்வில்லா, மல்லிகை போன்றவற்றை, இப்போது கவாத்து செய்யாதீர்கள். செத்த இலைகள் அழகில்லைதான், ஆனால் அடுத்த குளிர் இரவில் அவை கீழே இருக்கும் உயிருள்ள மொட்டுகளுக்குப் போர்வையாக நிற்கின்றன. வெட்டினால் செடி துளிர்விடத் தொடங்கும். அந்தப் பிஞ்சுத் துளிர் இன்னொரு குளிரைத் தாங்காது, செடி சேமித்து வைத்த உணவும் வீணாகும். அதோடு, எதுவரை செத்திருக்கிறது என்பது முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது. காய்ந்ததாகத் தெரியும் கிளையின் பாதியில் துளிர் வெடிப்பதும், பச்சையாகத் தெரிந்த கிளை பிறகு காய்வதும் சகஜம்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாக, உலர்ந்திருந்தால் அங்கே இல்லை. இன்னும் கீழே இறங்கிக் கீறுங்கள். நுனியிலிருந்து தொடங்கிப் பச்சை வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு நூல் கட்டி வையுங்கள். குளிர்காலம் முடிந்து துளிர் வந்த பிறகு, அந்த நூலுக்கும் உண்மையான துளிருக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து வெட்டலாம்.

மென்தண்டுச் செடிகளுக்கு விதி தலைகீழ். தக்காளி நாற்று, பிகோனியா, காசித்தும்பை, கள்ளிவகைச் சதைச் செடிகள் ஆகியவற்றில் கூழாகிப்போன பகுதியை அன்றே வெட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த ஈரச் சதையில்தான் சாம்பல் பூஞ்சை முதலில் குடியேறி, நல்ல பாகத்துக்கும் போகிறது. கத்தியைத் துடைத்துவிட்டு, உறுதியான சதை வரும்வரை வெட்ட வேண்டும்.

வாழைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இலைகள் எல்லாம் பழுப்பாகித் தொங்கினாலும் தண்டு உறுதியாக இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். வெதுவெதுப்பு வந்ததும் நடுக்குருத்து எழும். நான் பார்த்தவரை, இலை போன வாழையைத் தூரோடு வெட்டியவர்களே அதிகம் இழந்தார்கள். தண்டு மென்மையாகி நாற்றம் அடித்தால், கெட்டி வரும் இடம்வரை மேலிருந்து வெட்டி இறக்குங்கள். தார் உருவாகத் தொடங்கிய மரத்தில் வளர்முனை தண்டுக்குள் மேலே ஏறிவிட்டிருக்கும், அது செத்தால் அந்தத் தார் கிடையாது. கிழங்கு உயிரோடு இருக்கும்வரை பக்கக்கன்று வரும்.

பனைக் குடும்பத்து மரங்களில் எல்லாமே ஒற்றை வளர்முனையில்தான் இருக்கிறது. நடுவில் விரியாத குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் நல்லது. கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகல் தொடங்கியிருக்கிறது. அழுகியதை நீக்கி, தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியை லேபிளில் சொன்ன அளவில் குருத்துக்குள் ஊற்றலாம். பிழைக்குமா என்பது சில மாதங்கள் கழித்தே தெரியும். பச்சை மிச்சமிருக்கும் மட்டை எதையும் வெட்டாதீர்கள்.

மேல் இலைகளில் வெளிறிய வெள்ளைத் திட்டுகள்

குளிர் இரவும் அடுத்து வந்த பளீர் வெயிலும் சேர்ந்து செய்த வேலை. குளிரில் இலையின் உணவு தயாரிப்பு வேகம் குறைந்திருக்கும், ஆனால் வெளிச்சம் முழு வேகத்தில் விழும். பயன்படுத்த முடியாத அந்த ஆற்றல் பச்சையத்தையே சிதைத்துவிடுகிறது. பூச்சி சாறு உறிஞ்சியதென்று மருந்து அடிக்கிறவர்கள் உண்டு. இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தால் பூச்சியோ சிலந்தி வலையோ இருக்காது. இரண்டு மூன்று நாளுக்குக் காலை வெயிலை மெல்லிய வலையால் மறைத்தாலே போதும். திட்டு மாறாது, புது இலை நன்றாக வரும்.

இலையின் அடிப்பக்கம் ஊதாவாகிறது

நாற்றுகளில், குறிப்பாகத் தக்காளியிலும் மக்காச்சோளத்திலும் தெரியும். மண்ணில் பாஸ்பரஸ் இருக்கிறது, குளிர்ந்த வேரால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். டி.ஏ.பி. போன்ற பாஸ்பரஸ் உரம் போட்டால் எடுக்கப்படாமல் மண்ணிலேயே கிடக்கும். மண் சூடேறியதும் நிறம் தானாக மாறும்.

இலை மஞ்சளாகி மொத்தமாக உதிர்கிறது

முருங்கையும் கறிவேப்பிலையும் குளிரில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும், செம்பருத்தியும் பாதியைக் கொட்டும். கிளையைக் கீறிப் பச்சை இருந்தால் கவலை வேண்டாம். இலை இல்லாத செடி நீரைக் குடிக்காது. வழக்கமான அளவில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் வேர் அழுகித்தான் சாகும். பாதிக்கும் கீழே குறையுங்கள். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தைத் துளிர் வரும்வரை மறந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் ஃபைகஸ், குரோட்டன்ஸ் இலை உதிர்த்தால், இரவில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு முழம் தள்ளி வைத்தாலே நின்றுவிடும்.

பூவும் மொட்டும் உதிர்கின்றன

தக்காளிக்கு இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. மிளகாய், கத்தரிக்கு இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும். பூ உதிர்வது செடியின் நோய் அல்ல. இரவு வெப்பம் திரும்பியதும் அடுத்த பூங்கொத்து காய் பிடிக்கும், ஊக்கி தெளிப்பது வீண் செலவு. மாவில் சீக்கிரம் வந்த பூங்கொத்து கருகினால், அதற்கு அருகிலிருக்கும் மொட்டுகளிலிருந்து இரண்டாவது பூ வருவதுண்டு. அதற்காகவே கருகிய கொத்தோடு கிளை நுனியையும் சேர்த்து ஒடித்துவிடக் கூடாது.

வெப்பமானி 3 டிகிரி காட்டியது, ஆனால் இலையில் உறைபனி

வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது தன்னைச் சுற்றியிருந்த காற்றின் வெப்பத்தைச் சொன்னது. வானிலை அறிக்கைக் கணக்கு தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு உரியது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலமும் இலையும் தங்கள் வெப்பத்தை நேரடியாக வானத்துக்குக் கதிராக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மெல்லிய இலை விரைவில் குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு தேங்கும். அதனால் மேலே 3 டிகிரி இருக்கும்போது பாத்தியில் இருக்கும் இலை சுழியத்தைத் தொட்டிருக்கும்.

இதிலிருந்தே சில விஷயங்கள் புரியும். மேகமூட்டமான 5 டிகிரி இரவைவிட, நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும், காற்று அசையாத, வறண்ட 5 டிகிரி இரவு ஆபத்தானது. காற்றில் ஈரம் இருந்தால் பனித்துளி படியும்போது வெப்பம் வெளிவந்து வீழ்ச்சி மெதுவாகும். வறண்ட காற்றில் அந்தத் தடை இல்லை. மரத்தடியிலும் சாய்ப்பு அடியிலும் இருக்கும் செடி தப்பிப்பதும் வானம் மறைக்கப்பட்டிருப்பதால்தான். தாழ்வான மூலையில் இருப்பவை முதலில் போகும், ஏனென்றால் குளிர்காற்று சரிவில் வழிந்து அங்கேதான் சேர்கிறது. சரிவின் அடியில் இடைவெளியில்லாத மதில் இருந்தால் அது வெளியேறவும் வழியில்லை. மதிலை ஒட்டியிருக்கும் அந்தப் பாத்தியில் மென்மையான செடி வைக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு சாதாரண வெப்பமானியைச் செடியின் உயரத்தில், மேலே மறைப்பில்லாமல், தோட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள். உங்கள் தோட்டத்துக்கும் அறிக்கைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று சில இரவுகளில் பிடிபட்டுவிடும். மிகக் குறைந்த வெப்பம் நள்ளிரவில் வருவதில்லை, சூரிய உதயத்தை ஒட்டி வருகிறது. இரவு 11 மணிக்குப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகக் கூடாது.

மூடி வைத்தும் கருகிவிட்டது

மிக அதிகமாகக் கேட்கப்படும் குறை இது. காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: மூடிய விதம். துணிக்குச் சொந்தமாகச் சூடு எதுவும் கிடையாது. சூடு மண்ணிலிருந்து வருகிறது. துணி அதை வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நேற்று மூடியதைத் திரும்பிப் பாருங்கள்.

துணியைத் தலைக்கு மேல் போட்டு, அடியில் தண்டோடு சேர்த்துக் கட்டியிருந்தால் மண்ணின் வெப்பம் முழுவதும் வெளியே நின்றுவிட்டது. மூட்டைக்குள் இருந்த இலைக்கு எதுவும் கிடைக்கவில்லை. துணி கூடாரமாகத் தரைவரை இறங்கி, ஓரங்கள் கல்லாலோ மண்ணாலோ இடைவெளியில்லாமல் அழுத்தப்பட வேண்டும். இலை கருகியது மூடிய பொருள் பட்ட இடங்களில் மட்டும் என்றால் அது பிளாஸ்டிக் தாளாக இருக்கும். பிளாஸ்டிக் குளிரை அப்படியே இலைக்குக் கடத்தும், உள்பக்கம் கோக்கும் நீரும் அங்கே உறையும். நான்கு குச்சி நட்டு அதன்மீது போட்டால் பிளாஸ்டிக்கும் உதவும், முடிந்தால் அடியில் ஒரு துணி.

இரவு 10 மணிக்கு மேல் மூடியிருந்தால் பகலில் மண் சேர்த்த வெப்பத்தில் பெரும்பங்கு அதற்குள் போயிருக்கும். சூரியன் இறங்குவதற்கு முன்பே மூட வேண்டும். மண் பொடியாகக் காய்ந்திருந்தாலும் பிடித்து வைக்க அதிகம் இருக்காது. ஈரமான, கெட்டியான மண் பகல் வெப்பத்தை ஆழமாக வாங்கி இரவில் திருப்பித் தருகிறது. காய்ந்த, கிளறிவிட்ட மண்ணின் காற்றிடைவெளிகள் அதைத் தடுத்துவிடுகின்றன.

மூடாக்கு, அதாவது மண்ணின்மீது பரப்பி வைக்கும் இலைதழை, விஷயத்தில் நல்ல தோட்டக்காரர்களும் தடுமாறுகிறார்கள். உலர்ந்த இலை மூடாக்கு வேரைக் காக்கிறது, உண்மை. ஆனால் மண்ணின் வெப்பத்தை அது கீழேயே அடைத்துவிடுவதால் அதற்கு மேலே இருக்கும் இலைகள் இன்னும் அதிகம் குளிர்கின்றன. இஞ்சி, மஞ்சள், கல்வாழை போல் தரைக்கடியிலிருந்து திரும்ப எழும் செடிகளுக்கு மூடாக்கைத் தடிமனாக்குங்கள். இலையைக் காப்பாற்ற வேண்டிய கீரை, காய்கறிப் பாத்தியில் அன்று காலையே மூடாக்கை ஒதுக்கி, வெறும் மண்ணை ஈரப்படுத்தி வெயில் படவிட்டு, மாலையில் துணி மூடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் போனதென்றால் அன்று காற்று அடித்ததா என்று யோசியுங்கள். குளிர்காற்று வீசும் இரவில் துணிக்குள் வெப்பம் தங்காது. அங்கே காற்றுத் தடுப்புதான் முதல் வேலை, தொட்டிகளை உள்ளே எடுப்பது அதைவிட நல்லது. மெல்லிய துணி ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் தராது, தோட்டத்துக்கென்றே விற்கும் கனமான நெய்யாத துணி மூன்று நான்கு டிகிரி வரை தரும். அதற்கும் கீழே போகும் இரவில் உள்ளே ஏதாவது வெப்பம் வேண்டும். பழைய குண்டு பல்பு சூடு தரும், எல்.இ.டி. விளக்கு இதற்குப் போதாது. மழைக்குத் தாங்கும் இணைப்பு இல்லாமல் தோட்டத்தில் கம்பி இழுக்காதீர்கள், பல்பு துணியைத் தொடவும் கூடாது. ஆபத்தில்லாத வழி தண்ணீர்: பகலில் வெயிலில் வைத்த நீர்க்குடங்களைத் துணிக்குள் செடிகளுக்கு நடுவே வையுங்கள். ஒரு லிட்டர் நீர் 10 டிகிரி குளிரும்போது 10 கிலோகலோரி தரும், அதுவே உறைந்தால் இன்னும் 80 தரும்.

அதைப் படித்துவிட்டு இரவில் செடிமேல் தண்ணீர் தெளிக்கலாமா என்று கேட்பார்கள். பெரிய பழத்தோட்டங்களில் செய்கிறார்கள். பனிக்கட்டி உருகி முடியும்வரை நிறுத்தாமல் ஓடும் தெளிப்பான்கள் அவர்களிடம் உண்டு. ஒரு கிலோ நீர் உறையும்போது 80 கிலோகலோரி தருகிறது, ஆவியாகும்போது ஏறத்தாழ 600 கிலோகலோரியைப் பிடுங்கிக்கொள்கிறது. பாதியில் நிறுத்தினால் ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட மோசமாகும். வீட்டுத் தோட்டத்துக்கு இது வேண்டாம்.

வாரங்கள் கழித்துக் கிளை காய்கிறது, அல்லது துளிர் தவறான இடத்தில் வருகிறது

இளமரங்களின் தண்டில் பட்டை நீளவாக்கில் பிளந்திருக்கிறதா பாருங்கள். பட்டைக்கு அடியில் இருந்த வளர்திசு அன்றே செத்திருக்கும், இலை மட்டும் சேமிப்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பிளவின் தளர்ந்த ஓரத்தை மட்டும் நறுக்கி காயவிடுங்கள்; எதையும் பூச வேண்டாம்.

ஒட்டுச் செடியில் துளிர் ஒட்டுக்கு மேலே வந்ததா, கீழே வந்ததா என்பது முக்கியம். கீழே வந்தது அடிச்செடியின் துளிர், வேறு வகை. மேலே இன்னும் உயிர் இருக்கும்வரை கீழ்த்துளிர்களைப் பிஞ்சிலேயே விரலால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மேலே முற்றிலும் செத்திருந்தால், அடிச்செடியின் ஒரு நல்ல துளிரை வளரவிட்டுப் பிறகு மறுபடி ஒட்டுக் கட்டலாம்.

இன்றிரவு குளிர் வருகிறது: சூரியன் மறைவதற்குள் செய்ய வேண்டியவை

நேரம் குறைவென்றால் இந்த வரிசையில் போங்கள். தொட்டிகளை உள்ளே எடுங்கள். முடியாதவற்றைப் பிற்பகல் வெயில் பட்ட சுவரை ஒட்டி, சாய்ப்புக்கு அடியில், ஒன்றோடொன்று நெருக்கமாக வையுங்கள். மிக மென்மையானவை நடுவில் இருக்கட்டும். பிறகு பாத்தி மண் காய்ந்திருந்தால் வெயில் இருக்கும்போதே தரைக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள், இலை நனையக் கூடாது. மூன்றாவது, இந்த வருடம் நட்ட ஒட்டு எலுமிச்சை, ஆரஞ்சு கன்றுகளின் அடித்தண்டில், ஒட்டு மறையும் உயரத்துக்கு மண் அணையுங்கள். மேலே எல்லாம் போனாலும் ஒட்டுக்கு மேல் ஓரிரு மொட்டு பிழைத்தால் அதே வகை திரும்பக் கிடைக்கும். குளிர்காலம் தாண்டியதும் அந்த மண்ணை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

கடைசியாகத் துணி. துணி எல்லாவற்றுக்கும் போதாது, எதைக் காப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஒரு பருவத்தில் முடிந்துபோகும் செடிகளை விட்டுவிடுங்கள், விதை மறுபடி போடலாம். வருடக்கணக்கில் வளர்த்த கன்றுகளுக்கும், தாழ்வான இடத்தில் நிற்பவற்றுக்கும் கொடுங்கள். நீண்ட நாள் மெல்ல மெல்லக் குளிர்ந்து வந்த பருவமென்றால் செடி ஓரளவு தன்னைத் தயார்செய்துகொண்டிருக்கும். நேற்றுவரை வெயில் அடித்துப் புதுத்துளிர் விட்ட செடிக்கு அந்தத் தயாரிப்பு இல்லை, அதற்கே முதல் துணி.

காலையில் வெயில் ஏறி, காற்று 10 டிகிரியைத் தாண்டியதும் துணியை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் என்றால் வெயில் பட்டவுடனே திறக்க வேண்டும், ஒரு மணி நேரம் தாமதித்தாலும் உள்ளே வெந்துவிடும். எடுத்த துணியை வெயிலில் உலர்த்தி மடித்து வாசலருகே வையுங்கள், ஏனென்றால் இப்படிக் குளிர்கள் ஓர் இரவோடு நிற்பது அரிது.